வெள்ளச்சி பிடித்து வைத்த ஒன்பது நாள் மழை

எங்கள் நிறுவனத்தின் தரவுச் சரிபார்ப்புக் குழுத் தலைவர் ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்று அச்சில் போட்டிருக்கிறார். அவள் பெயர் அவருக்குத் தெரியாது. அவள் இருக்கும் இடம் தெரியாது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. காடுகளை ஆராய ஒரு அறக்கட்டளை பூனாவில் நடத்தும் இடம் அது. அங்கே முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அவர்களுடைய பொன்விழா மலருக்குப் பழைய ஊழியர்களிடம் இனிய நினைவுகள் கேட்டார்கள். நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, வேறு ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்றார்கள். வேறு எதுவும் என்னிடம் இல்லை. அதனால் நம் தமிழ்ச் சங்க இதழுக்கு அனுப்புகிறேன். குழுத் தலைவரும் தமிழர்தான். சென்னைக்காரர், இங்கே பூனாவில் ஔந்தில் குடியிருக்கிறார். இந்த இதழ் அவர் வீட்டுக்கும் போகிறது. ஆங்கிலத்தில் நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கு அவர் பதில் போடவில்லை. இதையாவது படிப்பார்.

விஷயம் எனக்குத் தெரிந்தது கார்த்திக் மூலம். கோயம்புத்தூர்ப் பையன். பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் ஒப்பந்தக்காரரிடம் வேலை. போபோடியில் எங்கள் சந்துக்குள் வண்டியை நிறுத்த இடமில்லாமல், தையல்கடை வாசலில் நிறுத்தி, தையல்காரரிடம் மராத்தியில் திட்டு வாங்கிக்கொண்டு மேலே வந்தான்.

"அங்கிள், நீங்க காட்டுல மழை அளந்த ஸ்டேஷன், புது ரிப்போர்ட்ல இல்லீங்க."

"இல்லைன்னா?"

"ஏழு வருச மழையும் எடுத்துட்டாங்க. ஒரு வருசத்துல ஒம்பது நாள் சந்தேகம்னு கோடு போட்டு, அதனால மொத்த ஸ்டேஷனும் நம்ப முடியாதுன்னு..."

லேப்டாப்பைத் திறந்து காட்டினான். கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. பார்வையாளர் மருத்துவ விடுப்பில் இருந்தபோது பயிற்சியற்ற ஒருவரால் கற்பனையாக நிரப்பப்பட்ட எண்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மூன்று தடவை படித்தேன். என் மனைவி கதீஜா டீ கொண்டு வந்து வைத்தாள். ஆறிப்போனது.

"அந்த ஒருத்தர் யாருங்க அங்கிள்?" என்று கேட்டான்.

அதைச் சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

வாப்பா கடையநல்லூரிலிருந்து வந்து பூனா கட்கி பஜாரில் கைலி விற்றவர். எனக்கு வியாபாரம் வரவில்லை, படிப்பும் பாதியில் நின்றது. வாப்பாவிடம் கைலி வாங்கும் ஒரு குமாஸ்தா சொல்லி நிறுவனத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். மூன்று மாதம் மொட்டை மாடியில் பயிற்சி. அவ்வளவுதான் என் கல்வி. எனக்குத் தெரிந்த மற்றதெல்லாம் திவேகர் சாஹேப் போட்ட பிச்சை.

திவேகர் சாஹேப் கள ஆய்வுப் பிரிவின் தலைவர். ஒல்லியான ஆள். கான்வாஸ் ஷூ, காதில் பென்சில், சட்டைப்பையில் ஆறங்குல எஃகு ஸ்கேல். பதிவேட்டைப் பார்க்கும்போது உட்கார மாட்டார். ஸ்கேலை வரியின் அடியில் வைத்து ஒவ்வொரு எண்ணாக இறங்குவார். தப்பு என்று ஒரு நாளும் யாரையும் சொன்னதில்லை. ஸ்கேல் ஒரு இடத்தில் நிற்கும். "கஸ?" என்பார். எப்படி என்று மராத்தியில் கேட்கிறார். நாம் எப்படி என்று சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை ஸ்கேல் நகராது. கெட்ட வார்த்தை சொல்லித் திட்டும் அதிகாரிகளிடம் பிற்பாடு வேலை பார்த்திருக்கிறேன். அவர்களைச் சமாளிப்பது சுலபம்.

மழையை அளக்கும் முறையைச் சொல்கிறேன். சலிப்பாக இருந்தால் இருக்கட்டும், இது தெரியாமல் மற்றது புரியாது.

காலை எட்டரை மணி. மழைமானியின் பூட்டைத் திறக்க வேண்டும். புனலைக் கழற்றி, உள்ளே இலை, பூச்சி, தவளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாட்டிலை வெளியே எடுக்க வேண்டும். பெருமழை நாளில் பாட்டில் நிறைந்து வெளி உருளையில் வழிந்திருக்கும், அதையும் சேர்க்க வேண்டும். அளவுக் கண்ணாடியைச் சமமான பலகையில் வைத்து ஊற்ற வேண்டும். குனிந்து கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். தண்ணீர் கண்ணாடி ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்து நிற்கும். குழியின் அடியைத்தான் படிக்க வேண்டும். அங்கேயே நின்று பென்சிலால் எழுத வேண்டும். மறுபடி குனிந்து படிக்க வேண்டும். இரண்டும் ஒத்துவந்த பிறகுதான் தண்ணீரைக் கொட்டலாம்.

"தண்ணீர்தான் சாட்சி. எழுதி முடிக்கும் முன்னால் சாட்சியை விரட்டாதே" என்பார் திவேகர் சாஹேப். மாடியில் பயிற்சியின்போது எழுதுவதற்கு முன் தண்ணீரைக் கொட்டியவனை வெயிலில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார். அந்த ஆள் நான்தான்.

பிறகு என்னைக் காட்டுக்கு அனுப்பினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், ஒரு தேயிலைத் தோட்டம் முடியும் இடத்திலிருந்து ஏழு மைல் உள்ளே, மரங்களை வெட்டி ஒரு கூடத்தின் அளவு திறந்த இடம். தகரக் கூரை போட்ட இரண்டு அறை. வெள்ளை அடித்த மரப்பெட்டியில் வெப்பமானிகள். மழைமானி. வெயிலை அளக்க ஒரு கண்ணாடி உருண்டை. பக்கத்தில் காடர் பழங்குடியினரின் குடியிருப்பு, பத்துப் பன்னிரண்டு வீடு. ஒரு வருடம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஏழு வருடம் இருந்தேன். முதல் ஆறு மாதம் மாற்றல் கேட்டு மனுப் போட்டேன். அதற்குப் பிறகு, மாற்றல் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

பூனாவில் இருப்பவர்களுக்கு அந்த ஈரத்தை விளக்க முடியாது. இங்கே மழை பெய்யும், நிற்கும், காயும். அங்கே காய்வது என்று ஒன்று கிடையாது. துவைத்த கைலி நான்கு நாள் கொடியில் தொங்கி, ஐந்தாம் நாள் பூஞ்சை பிடிக்கும். தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்போம். செருப்பின் தோலில் காளான் முளைக்கும். மழை நின்று ஒரு மணி நேரம் ஆன பிறகும் காட்டுக்குள் மழை பெய்துகொண்டிருக்கும். மேலே இலை கீழ் இலைக்குக் கொடுக்கும், அது இன்னும் கீழே கொடுக்கும், தரைக்கு வந்து சேர நேரமாகும். மாசி மாதம் வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் காலையில் மூடுபனி மரத்தில் மோதிச் சொட்டும். அண்ணாந்து பார்த்தால் மேகம் இருக்காது. முகம் மட்டும் நனையும்.

மேலும் கீழும் வேறு வேறு ஊர் மாதிரி. நூற்றைம்பது அடி உயரத்தில் மரத்தின் உச்சிகளுக்கு வெயில், காற்று, பூ, பழம் எல்லாம் உண்டு. கருங்குரங்கும் மலையணிலும் இருவாச்சிப் பறவையும் அங்கே வாழ்ந்தன. சில குரங்குகள் தரைக்கு வந்ததே இல்லை என்று ராமன் சொல்வான். ராமன் நிலையத்துக்குக் காவலுக்குப் போட்ட வாச்சர். கீழே எங்களுக்குப் பகலிலும் அரை இருட்டு. அட்டை, தவளை, மரவட்டை, அழுகும் இலை, நாங்கள். இருவாச்சி பறந்தால் சிறகுச் சத்தம் ரயில் வருவது போலக் கேட்கும். அண்ணாந்து பார்ப்பதற்குள் போயிருக்கும். கழுத்து வலிதான் மிச்சம்.

கண்ணாடி உருண்டை வெயிலைக் குவித்து ஒரு அட்டையில் கோடு போலச் சுட வேண்டும். சுட்ட கோட்டின் நீளம்தான் அன்றைய வெயில். ஆடி மாதம் முழுவதும் நான் சுடாத அட்டைகளையே பூனாவுக்கு அனுப்பினேன். அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: கண்ணாடி உருண்டை உடைந்துவிட்டதா, உடனே தெரிவிக்கவும். வெப்பமானி பெட்டியில் ஒன்று உலர்ந்தது, ஒன்று ஈரத்துணி சுற்றியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் காற்றின் ஈரத்தைக் கணக்கிடுவார்கள். பதினோரு நாள் இரண்டும் ஒரே எண் காட்டின. அதற்கும் கடிதம் வந்தது. திவேகர் சாஹேபின் கையெழுத்து. ஒரே ஒரு சொல். கஸ?

காற்றில் இனி ஈரத்துக்கு இடம் இல்லை சாஹேப், என்று பதில் எழுதினேன். அந்தக் கடிதத்தை அவர் கோப்பில் வைத்திருந்ததைப் பல வருடம் கழித்துப் பார்த்தேன்.

ராமனின் மனைவி வெள்ளச்சியைப் பற்றிச் சொல்கிறேன். அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும். நிலையத்தைக் கூட்டிப் பெருக்கவும், புல் வெட்டவும் நிறுவனம் தினக்கூலிக்கு வைத்த ஆள். எழுதப் படிக்கத் தெரியாது, எண் தெரியாது. வாய் உண்டு. நான் காலையில் மழைமானி முன் குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "சாரு ஓதுறாரு, யாரும் குறுக்க போகாதீங்க" என்று குடியிருப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நான் தொழுவதும் அளப்பதும் அவளுக்கு ஒரே வேலையின் இரண்டு பாகம்.

"இந்தத் தண்ணியப் பாத்து என்ன சாரே எழுதுறீங்க?"

"எவ்வளவு பெஞ்சுதுன்னு."

"நனஞ்சவன்கிட்ட கேட்டாச் சொல்ல மாட்டானா?"

"பூனாவுல இருக்கறவங்க நனையலியே."

"அவங்களையும் இங்க வரச் சொல்லுங்க" என்றாள்.

இங்கே என் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் வருடம் பெருநாள் தொழுகைக்கு மலையிலிருந்து இறங்கினேன். மறுநாளே திரும்பியிருக்க வேண்டும். வழியில் ஒற்றை யானை நின்றது, தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இரண்டு நாள் தங்கிவிட்டேன். மூன்றாம் நாள் வந்தபோது மழைமானியில் மூன்று நாள் தண்ணீர் சேர்ந்திருந்தது. முதல் இரண்டு நாளுக்கும் கோடு போட்டு, மூன்றாம் நாளில் மொத்தத்தையும் எழுதி, இது சேர்ந்தது என்று குறிக்க வேண்டும். அதுதான் விதி. நான் மொத்தத்தை மூன்றாகப் பிரித்தேன். சமமாகப் பிரித்தால் பிடிபடும் என்று, ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து, கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக வருமாறு அழகாக எழுதினேன். எங்கள் தொழிலில் பலரும் செய்யும் திருட்டு இது. ஆய்வுக்கு வந்த திவேகர் சாஹேபின் ஸ்கேல் அங்கே நின்றது. "கஸ?" என்றார். அளந்தேன் என்றேன். என் முகத்தைப் பார்த்தார். பென்சிலை எடுத்து, நம்பவில்லை என்பதற்கு அடையாளமாக, மூன்று நாளுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு புள்ளி வைத்தார். அடுத்த வரிக்கு ஸ்கேல் நகர்ந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு எண்ணைக்கூடக் கற்பனை செய்யவில்லை.

நான்காம் வருடம் ஆடியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்று பிறகு சொன்னார்கள். கண் மஞ்சளாகி, கால் தசை கல்லாகி, நினைவு தப்பியது. ராமனும் இன்னும் மூன்று பேரும் கம்பளியில் தொட்டில் கட்டி ஏழு மைல் சுமந்து தோட்டத்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள். வயர்லெஸ் பெட்டி ஈரத்தில் ஊமையாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. பூனாவுக்குத் தகவல் ஆஸ்பத்திரியிலிருந்துதான் போனது. ஒன்பது நாள் எட்டரை மணி எனக்குத் தெரியாமல் வந்து போனது. அந்த ஒன்பது நாளும் காட்டில் பெய்தது அந்த ஏழு வருடத்தின் மிகப் பெரிய மழை. ஆஸ்பத்திரிக் கூரையில் அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். உயிரைப் பற்றிக் கவலைப்படவில்லை. மழைமானி நிரம்பி வழிந்து வீணாகிக்கொண்டிருக்குமே என்றுதான் அழுதேன். நர்ஸ் என்னைப் பைத்தியம் என்று நினைத்தாள்.

பத்தாம் நாள் காலையில் ராமனின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனேன். நிலையத்தின் கருவி அறையில் கால் வைக்க இடமில்லை. சுவரோரம் முழுக்க மூங்கில் குழாய்கள் நின்றன. என் தொடை உயரம், பச்சை மூங்கில், ஒவ்வொன்றின் வாயிலும் இலை வைத்துத் தேன்மெழுகு பூசி அடைத்திருந்தது. இரண்டு மூன்றாகச் சேர்த்துக் கொடியால் கட்டியிருந்தார்கள். முதல் கட்டின் கொடியில் ஒரு முடிச்சு, அடுத்ததில் இரண்டு. கடைசிக் கட்டில் ஒன்பது.

வெள்ளச்சி வாசலில் நின்றாள். "கொட்டல சாரே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"தொட்டில்ல போறப்ப நீங்கதானே சொல்லிட்டே போனீங்க. எழுதாமக் கொட்டாத, எழுதாமக் கொட்டாதன்னு. எனக்கு எழுதத் தெரியாதில்ல. அதான் கொட்டல."

நான் சொன்னது எனக்கு நினைவில்லை. இன்றுவரை நினைவில்லை. ராமனும் அப்படித்தான் சொன்னான்.

அன்று முழுக்க அளந்தேன். கை நடுங்கியதால் கண்ணாடியில் ஊற்றுவதை அவள் செய்தாள், குனிந்து படிப்பதை நான் செய்தேன். ஒவ்வொரு குழாயையும் இரண்டு தடவை. எண்களை எழுதியபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒன்றும் சொல்லாமல் ஒன்பது நாள் கட்டத்திலும் எண்ணை மட்டும் போட்டுவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள். சாஹேப் முன்பு வைத்த புள்ளி நினைவுக்கு வந்தது. குறிப்புக் கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். பார்வையாளர் நோயுற்றுச் சென்றார். தினக்கூலிப் பணியாளர் வெள்ளச்சி நாள்தோறும் நீரைச் சேகரித்து மூங்கிலில் அடைத்து வைத்தார். பத்தாம் நாள் அளக்கப்பட்டது.

இரண்டு மாதம் கழித்து திவேகர் சாஹேப் வந்தார். அட்டை கடித்து இரண்டு காலிலும் ரத்தம். துடைக்கக்கூட இல்லை. நேராகப் பதிவேடு. ஸ்கேல் இறங்கி அந்த ஒன்பது நாளில் நின்றது. குறிப்பைப் படித்தார். என்னிடம் கேட்கவில்லை. வெள்ளச்சியைக் கூப்பிடச் சொன்னார். அவர் மராத்தி கலந்த இந்தியில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"எந்த நேரத்தில் எடுத்தாய்? கஸ?"

அவள் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். "பெரிய முள்ளு தரையப் பாக்கணும். சின்ன முள்ளு ஆனமுடிப் பக்கம் சாயணும். சாரு அப்பத்தான் போவாரு."

சாஹேப் கடிகாரத்தைப் பார்த்தார். சின்ன முள் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நிற்கும் பக்கம் ஆனைமுடி மலைதான்.

"மூங்கில் தண்ணீரைக் குடிக்குமே. கஸ?"

இதற்கு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சாஹேபைப் பார்த்து, தெரியாதவருக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். "ராத்திரி முழுக்க ஓடையில ஊறப் போட்டு, காலையில கவுத்தி வடிய வெச்சு, அப்பறந்தான் ஊத்துனேன். குடிச்சு முடிச்ச மூங்கிலு இனிக் குடிக்காது. தேனுக்கும் அப்பிடித்தான் செய்வோம்."

நான் மொழிபெயர்த்தேன். சாஹேப் அவளை ஐந்து குழாய் வெட்டச் சொன்னார். அவள் சொன்னபடியே ஊறவைத்து, வடியவைத்து, தன் கையால் அளந்து தண்ணீர் ஊற்றி, அவளை மெழுகு பூச வைத்தார். மூடிய வாயில் தன் கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஒட்டினார். மூன்று நாள் தங்குவதாக வந்தவர், இதற்காக ஒன்பது நாள் தங்கினார். பகலில் காட்டில் நடந்தார். இருவாச்சியின் சத்தம் கேட்டபோது நின்று, "இது என்ன, ரயிலா?" என்றார். மாலையில் குடியிருப்பில் போய் உட்கார்ந்து, மொழி தெரியாமலே ராமனின் அம்மாவோடு வெற்றிலை போட்டார். என் வாழ்க்கையிலேயே நல்ல ஒன்பது நாட்கள் அவை.

பத்தாம் நாள் குழாய்களைத் திறந்தார். குனிந்து படித்தார். நான்கு குழாயில் ஒரு கோடும் இறங்கவில்லை. ஒன்றில் அரைக் கோடு. ஐந்து எண்ணையும் ஒரு தாளில் எழுதினார். சோதித்தேன், ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பசை போட்டு ஒட்டினார். ஒன்பது நாளில் எதற்கும் பக்கத்தில் புள்ளி வைக்கவில்லை.

கிளம்பும்போது வெள்ளச்சியிடம், "உன் மழை பூனாவுக்குப் போகிறது. அங்கே புத்தகத்தில் இருக்கும்" என்று சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"பத்தரமா வெப்பாங்களா?" என்றாள்.

"வைப்பாங்க" என்று நான்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அங்கே இருந்தேன். நிலையத்தை மூடினார்கள். பூனாவில் மேசை வேலை கொடுத்தார்கள். திவேகர் சாஹேப் ஓய்வு பெற்றார், இறந்தார். எனக்குக் கல்யாணம், பிள்ளைகள், போபோடியில் இந்த வீடு. ஒரு குறையும் இல்லை. ஆனால் சித்திரையில் இங்கே உதடு வெடிக்கும்போது அந்த ஈரத்துக்கு உடம்பு ஏங்குகிறது. சொன்னால் சிரிப்பார்கள். முதல் மழைக்குக் கடக்வாஸ்லா பஸ் ஏறிப் போய் அணைக்கட்டில் நனைகிறேன். சோளம் விற்பவர்கள் என்னை அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

"ஏங்க, மழ வந்தா மத்த மனுசன் வீட்டுக்குள்ள வருவான். நீங்க பஸ் ஏறிப் போறீங்க" என்பாள் கதீஜா.

போய் என்ன, அங்கே நனைந்தால் அரை மணியில் காய்ந்துவிடுகிறது. சில்வண்டுச் சத்தம் இல்லை. மரத்திலிருந்து இரண்டாம் மழை இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருகிறேன்.

கார்த்திக் வந்து சொன்ன பிறகு அவனிடம் ஒரு உதவி கேட்டேன். என் முதல் வருடத்தின் பெருநாள் வாரத்தைக் கணினியில் பார்க்கச் சொன்னேன். நீக்குவதற்கு முன் ஒவ்வொரு நாளுக்கும் தரம் போட்டிருக்கிறார்களாம். தேடிப் பார்த்தான்.

"அந்த மூணு நாளும் 'நல்லது'ன்னு இருக்குங்க அங்கிள்."

நான் உட்கார்ந்து கற்பனையாக எழுதிய மூன்று எண்களும் நல்லது. சாட்சித் தண்ணீரோடு, சோதனையோடு, கையெழுத்தோடு வந்த ஒன்பது எண்களும் கற்பனை. கணினிக்கு என்ன தெரியும். அதற்கு எண்ணைத்தான் கொடுத்தார்கள். குறிப்புக் கட்டத்தை ஏற்றவில்லை, ஏற்றினால் செலவு அதிகமாம். ஆனால் என் விடுப்பு விண்ணப்பத்தை மட்டும் யாரோ கோப்பிலிருந்து தேடி எடுத்து, ஆள் ஆஸ்பத்திரியில், அப்படியானால் இந்த மழை எங்கிருந்து வந்தது என்று கெட்டிக்காரத்தனமாகக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கெட்டிக்காரர் பதிவேட்டைத் திறக்கவில்லை. அது நிலவறையில் பெட்டியில் இருக்கிறது. எனக்கு அனுமதி இல்லை என்றார்கள். கார்த்திக்குக்கும் இல்லை.

போன மாதம் ஒரு பழைய வன அலுவலரைப் பிடித்து, வெள்ளச்சியின் மகளுடைய போன் எண்ணை வாங்கினேன். ராமன் போய்ச் சேர்ந்துவிட்டான். வெள்ளச்சி இருக்கிறாள்.

"ஆரு?"

"மைதீன் பேசறேன். மழை அளக்கற சாரு."

"மழசாரா? இன்னும் இருக்கீங்களா? அன்னிக்குத் தூக்கிட்டுப் போனப்பவே முடிஞ்சுதுன்னு நெனச்சோம்."

சிரித்தோம். காட்டைப் பற்றிக் கேட்டேன். மழை முன்னே போல இல்லை என்றாள். நிலையத்துத் தகரக் கூரையை யானை பிடுங்கிப் போட்டுவிட்டது, சுவருக்குள் அத்திமரம் முளைத்திருக்கிறது, பழம் தின்ன இருவாச்சி வருகிறது என்றாள். பிறகு அவளே கேட்டாள்.

"சாரே, அந்த மழ பூனாவுல இருக்குதில்ல?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"பேத்திகிட்டச் சொல்லிருக்கேன். பள்ளிக்கூடத்துல படிக்கறா. நான் புடிச்ச மழ பூனாவுல புத்தகத்துல இருக்குன்னு. அவ நம்ப மாட்டேங்கறா. நீங்க சொல்லுங்க."

பேத்தியிடம் போனைக் கொடுத்தாள். "நெசமா தாத்தா?" என்று அந்தப் பெண் கேட்டது. "நெசம்தாம்மா" என்றேன். என் வாழ்க்கையில் மழையைப் பற்றி நான் சொன்ன இரண்டாவது பொய் அது. உங்களால் சொன்னேன்.

குழுத் தலைவர் அவர்களே, பெயர் போடாமல் கீழே சின்ன எழுத்தில் குறிப்புப் போடுவது எல்லோராலும் முடியும். நான் என் பெயரைப் போட்டு, என் திருட்டையும் போட்டு எழுதியிருக்கிறேன். என் ஏழு வருடத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று நாள் பொய்தான், நானே சொல்கிறேன். அந்த ஒன்பது நாள் என்னுடையது அல்ல. அதைக் கற்பனை என்று எழுதும் முன் பதிவேட்டைப் பார்த்தீர்களா, பார்க்கவில்லையா? பார்க்கவில்லை என்றால் எந்த ஆதாரத்தில் எழுதினீர்கள்? பார்த்தீர்கள் என்றால் திவேகர் சாஹேபின் கையெழுத்தை எந்தக் காரணத்தால் ஒதுக்கினீர்கள்? எனக்குத் தனியாகக் கடிதம் வேண்டாம், போனில் சமாதானமும் வேண்டாம். இதே இதழில், உங்கள் பெயரைப் போட்டு, வெள்ளச்சியின் பேத்தி எழுத்துக் கூட்டிப் படிக்கும் தமிழில், எல்லோருக்கும் தெரியப் பதில் சொல்லுங்கள்: அந்த மழை பெய்ததா, இல்லையா?